தஹ்ரானில் பேட்ரியாட் ஏன் சுடவில்லை?

1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர் நேரம், இரவு எட்டரை மணி சுமார். சவூதி அரேபியாவின் கிழக்குக் கரையில், அல்கோபார் பக்கம், அமெரிக்கப் படையினர் தங்குவதற்காக மாற்றியமைத்த ஒரு சரக்குக் கிடங்கு. ஈராக்கிலிருந்து வந்த ஸ்கட் ஏவுகணை ஒன்று அதன் மேல் விழுந்தது. 28 பேர் இறந்தார்கள், ஏறக்குறைய நூறு பேருக்குக் காயம். இறந்தவர்களில் 13 பேர் பென்சில்வேனியா மாநிலத்தின் கிரீன்ஸ்பர்க்கிலிருந்து வந்த குடிநீர் சுத்திகரிப்புப் பிரிவைச் சேர்ந்தவர்கள். 69 பேர் கொண்ட அந்தப் பிரிவு சவூதிக்கு வந்து இறங்கி ஆறு நாள்தான் ஆகியிருந்தது.

பக்கத்திலிருந்த தஹ்ரான் விமானதளத்தைக் காக்க, வரும் ஏவுகணையை வானிலேயே வீழ்த்தும் அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணைகள் நின்றன. (ஈரானின் தலைநகரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், தம்மாம், அல்கோபார், தஹ்ரான் மூன்றும் ஒட்டி ஒட்டி இருக்கும் ஊர்கள். வளைகுடாவுக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகளில் இந்தப் பெயர்கள் அடிக்கடி காதில் விழும்.) காவலில் இருந்த பிரிவின் பெயர் ஆல்ஃபா பேட்டரி (ரேடாரும் ஏவுகலங்களும் சேர்ந்த ஒரு படைப்பிரிவைப் பேட்டரி என்பார்கள்). அதன் ரேடார் ஓடிக்கொண்டிருந்தது. ஏவுகலங்களில் ஏவுகணைகள் ஏற்றப்பட்டிருந்தன. ஸ்கட் தலைக்கு மேல் வந்தபோது பேட்ரியாட் சுட்டுக் குறி தவறியது என்பதில்லை. சுடவே இல்லை.

குறுகிய தூர ஏவுகணைப் பாதுகாப்பு எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால், வெற்றிகரமான இடைமறிப்பு எதையும் காட்டாமல் இந்த இரவைத்தான் காட்டுவேன். வெற்றியில் எல்லாம் ஒரே நெருப்புப் பூவாக முடிந்துவிடும், உள்ளே நடந்தது தெரியாது. இங்கே எந்தப் பாகமும் பழுதாகவில்லை. ஒவ்வொன்றும் தனக்குச் சொன்ன வேலையைச் செய்தது. அதனால்தான் உள்கட்டமைப்பு அப்படியே வெளியே தெரிகிறது.

குறைந்த தூரம், குறைந்த நேரம்

பாலிஸ்டிக் ஏவுகணை அடிப்படையில் மாங்காய்க்கு எறிந்த கல். கை விட்ட பிறகு கல்லுக்குப் புதிய விசை கிடையாது. ஸ்கட்டின் எஞ்சினும் முதல் ஒன்றரை நிமிடத்துக்குள் அணைந்துவிடும், மீதித் தூரத்தை அது பெற்ற வேகத்திலேயே கடக்கும். 1,000 கிலோமீட்டருக்குக் குறைவாகச் செல்பவற்றைக் குறுகிய தூர வகை என்பார்கள். ஈராக் பயன்படுத்திய அல் ஹுசைன் அந்த வகை. சோவியத் ஸ்கட்டின் உடலை நீட்டி, வெடிமுனையின் எடையைக் குறைத்து, 600 கிலோமீட்டருக்கு மேல் போகும்படி ஈராக்கியர்கள் அதை மாற்றியிருந்தார்கள்.

கண்டம் விட்டுக் கண்டம் பாய்வது வந்து சேர அரை மணி நேரம் ஆகும். ஸ்கட்டுக்குச் சில நிமிடங்கள் போதும். ஏவும்போது எழும் வெப்பத்தை அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் மேலிருந்து பார்த்து எச்சரிக்கை அனுப்பும். அந்த எச்சரிக்கையால் ஸ்கட்டை வீழ்த்த முடியாது, 'வருகிறது' என்று மட்டும் சொல்ல முடியும். கடைசிக் கட்டத்தில், ஸ்கட் கீழே இறங்கும்போதுதான் பேட்ரியாட்டுக்கு வேலை. தன்னைச் சுற்றியுள்ள சிறு பரப்பைத்தான் அது காக்கும். அவகாசம் நொடிக்கணக்கில்தான்.

இந்த நெருக்கடி இன்றைய அமைப்புகளுக்கும் உண்டு, சிலவற்றில் இன்னும் மோசம். காசா எல்லையை ஒட்டிய இஸ்ரேலிய ஊரான ஸ்தெரோத்தில் சைரன் ஒலித்த பிறகு பதுங்குமிடத்துக்கு ஓட 15 நொடிகள்தான் கிடைக்கும். 2011 ஏப்ரல் 7 அன்று அஷ்கெலோன் அருகே முதல் ராக்கெட்டை வீழ்த்திய இஸ்ரேலின் ராக்கெட் தடுப்பு அமைப்பான அயர்ன் டோம், ராக்கெட் எழும்பியவுடனேயே அது எங்கே விழும் என்று கணக்கிடுகிறது. வெற்றுக் காட்டில் விழுமென்றால் விட்டுவிடும். இது கருணையும் இல்லை, சோம்பலும் இல்லை, வரவு செலவுக் கணக்கு. அது ஏவும் தமிர் என்ற இடைமறி ஏவுகணை ஒன்றுக்குப் பல்லாயிரம் டாலர் ஆகும், எதிரே வருவது பட்டறையில் குழாயை வெட்டிச் செய்த ராக்கெட்டாக இருக்கலாம்.

பேட்ரியாட்டோ அயர்ன் டோமோ, இரண்டும் நிற்பது ஒரே அடிப்படையில்தான். இப்போது பொருள் எங்கே இருக்கிறது என்பது போதாது. இன்னும் சிறிது நேரத்தில் எங்கே இருக்கும் என்று தெரிய வேண்டும். ஆல்ஃபா பேட்டரி சறுக்கியது அந்த 'இன்னும் சிறிது நேரத்தில்' என்ற இடத்தில்.

ரேடார் எதைப் பார்க்கிறது

பேட்ரியாட்டின் ரேடாரில் சுழலும் தட்டு இல்லை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு உறுப்புகள் பதித்த ஒரு தட்டையான முகம். கற்றையை மின்னணு முறையில் திருப்புவதால் கண்ணிமைக்கும் நேரத்தில் வானத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தாவ முடியும். ஆனால் வானம் பெரிது. பறவை, மேகம், விமானம், எதிரொலிக் குப்பை என்று எத்தனையோ திரும்பி வரும். எல்லாவற்றையும் எல்லா நேரமும் உற்றுப் பார்க்க முடியாது.

அதனால் இரண்டு கட்டம். முதலில் அகலத் தேடல். ஏதோ ஒன்று தென்பட்டு, அதன் தன்மை ஸ்கட்போல இருந்தால், அதன் வேகத்தையும் கடைசியாகப் பார்த்த நேரத்தையும் வைத்துக் கணினி அடுத்து அது இருக்க வேண்டிய இடத்தைக் கணக்கிடும். அந்த இடத்தைச் சுற்றி வானத்தில் ஒரு சிறு சாளரம் வரையும். துறைக்காரர்கள் இதை ரேஞ்ச் கேட் என்பார்கள். பிறகு ரேடார் அந்தச் சாளரத்துக்குள் மட்டும் பார்க்கும். உள்ளே இருந்தால் அது ஸ்கட்தான், பின்தொடரு. இல்லாவிட்டால் முதலில் பார்த்தது பொய்த்தோற்றம், பட்டியலிலிருந்து எடுத்துவிடு.

வத்தலக்குண்டில் பஸ்ஸைப் பார்த்ததாக ஒருவர் போன் செய்கிறார். எத்தனை மணிக்கு நம் ஊர் நிறுத்தத்துக்கு வரும் என்று கணக்குப் போட்டு, சரியாக அந்த நிமிடம் மட்டும் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்க்கிறீர்கள். பஸ் இல்லை. சொன்னவர் ஏதோ லாரியைப் பார்த்திருப்பார் என்று ஜன்னலை மூடிவிடுகிறீர்கள். பஸ் சரியாகத்தான் வந்தது. தவறியது உங்கள் கைக்கடிகாரம்.

சந்தேகம் வந்தால் சுடாதே என்ற இந்த முடிவைக் குறை சொல்வதற்கில்லை. பேட்டரியைச் சுற்றி நட்பு நாட்டு விமானங்கள் பறக்கும் வானத்தில், எதிரொலிக்கெல்லாம் சுடும் அமைப்பு அதைவிட ஆபத்து.

பத்தில் ஒரு பங்கு

பேட்ரியாட்டின் கணினி 1970-களின் வடிவமைப்பு. ஓர் எண்ணை வைக்க 24 பிட் இடம், அதாவது 0 அல்லது 1 எழுத 24 கட்டங்கள். அதன் உள் கடிகாரம் நேரத்தை நொடியில் எண்ணவில்லை, நொடியின் பத்தில் ஒரு பங்கில் எண்ணியது. கணினியை இயக்கிய கணத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று முழு எண்ணாக ஏறிக்கொண்டே போகும். இதுவரை பிழையே இல்லை. சாளரத்தின் இடத்தைக் கணக்கிட மட்டும் அந்த எண்ணை நொடியாக மாற்ற வேண்டும், அதாவது 0.1-ஆல் பெருக்க வேண்டும்.

நமக்கு 0.1 சுலபமான எண். கணினிக்கு இல்லை. நூறு ரூபாயை மூன்று பேருக்குச் சமமாகப் பங்கு போட்டால் 33.33 என்று எழுதி, மிஞ்சிய பைசாவை யாரும் பேசாமல் விட்டுவிடுவோம். மூன்றில் ஒரு பங்கு பத்தடிமானத்தில் முடிவதில்லை. அதேபோல் பத்தில் ஒரு பங்கு, கணினி பயன்படுத்தும் இரண்டடிமானத்தில் (0, 1 மட்டும் கொண்ட எண்முறை) முடிவதில்லை; 0.000110011001100 என்று முடிவில்லாமல் ஓடும். 24 பிட்டில் வெட்டி எறிந்தால் மிஞ்சுவது உண்மையான 0.1-ஐவிடச் சுமார் 0.000000095 குறைவு. கடிகாரத்தின் ஒரு துடிப்புக்கு, அதாவது பத்தில் ஒரு நொடிக்கு, இவ்வளவுதான் கடன்.

பிப்ரவரி 25 இரவு ஆல்ஃபா பேட்டரி 100 மணி நேரத்துக்கும் மேலாக நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. 100 மணி நேரம் என்றால் 36 லட்சம் துடிப்புகள். 36 லட்சத்தை 0.000000095-ஆல் பெருக்கினால் 0.34 நொடி. (அந்தப் போரின் தரைச்சண்டை முழுவதுமே நூறு மணி நேரம்தான் நடந்தது. தற்செயல், ஆனால் படிக்கும்போது ஒரு கணம் நிறுத்திவிடும்.)

ஒலியைப்போல் ஐந்து மடங்கு வேகத்தில் வரும் பொருள் மூன்றில் ஒரு நொடியில் அரைக் கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். 1992 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகமான ஜி.ஏ.ஓ. வெளியிட்ட அறிக்கையில் ஓர் அட்டவணை இருக்கிறது. இயக்கி ஒரு மணி நேரம் ஆனால் சாளரம் 7 மீட்டர் விலகும். 8 மணி நேரத்தில் 55 மீட்டர். 20 மணி நேரத்தில் 137 மீட்டர். அங்கே இலக்கு சாளரத்துக்கு வெளியே போய்விடுகிறது. 100 மணி நேரத்தில் 687 மீட்டர். 8 மணி நேர விலகலைச் சாளரத்தில் 20 விழுக்காடு என்று அதே அறிக்கை சொல்வதால், சாளரத்தின் அளவு 275 மீட்டரை ஒட்டியது என்று நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆக அன்றிரவு ரேடார் உற்றுப் பார்த்த இடம் இரண்டரைச் சாளர தூரம் தள்ளி இருந்தது. அங்கே வெறும் வானம்.

பாதித் திருத்தம்

இந்தக் கதையைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். கணினிக்காரர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் உடனே ஒரு கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். கடிகாரம் 0.34 நொடி தவறாகவே இருக்கட்டுமே. சாளரத்துக்குத் தேவை இரண்டு நேரங்களின் வித்தியாசம்தானே? கடைசியாகப் பார்த்த நேரமும் 0.34 நொடி தவறு, இப்போதைய நேரமும் 0.34 நொடி தவறு என்றால், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது பிழை தானே அடிபட்டுப் போகுமே? ஐந்து நிமிடம் தாமதமாக ஓடும் கடிகாரத்தை வைத்தும் இட்லி வேகும் நேரத்தைச் சரியாகப் பார்க்கலாம் அல்லவா?

சரியான கேள்வி. இதற்கு விடை சொன்னவர் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஸ்கீல். 1992-இல் அவர் எழுதிய சிறு விளக்கத்தின்படி, வேகமான ஏவுகணைகளைக் கையாள பேட்ரியாட் மென்பொருளில் நேரத்தை இன்னும் துல்லியமாக மாற்றும் துணைநிரல் ஒன்று பின்னாளில் சேர்க்கப்பட்டிருந்தது. ஆனால் நேரத்தை மாற்றும் எல்லா இடங்களிலும் அதைப் போடவில்லை. சில இடங்களில் புதியது, சில இடங்களில் பழையது. ஒரு நேரம் சரி, மற்றொன்று 0.34 நொடி தவறு. கழித்தால் பிழை முழுதாக மிஞ்சும்.

அதாவது யாருமே திருத்தாமல் விட்டிருந்தால் இந்த அளவு சிக்கல் வந்திருக்காது. எனக்கு இந்த வழக்கில் மிகவும் உறைத்த இடம் இதுதான். பழைய நிரலில் ஒரு ஒட்டுப்போட்டுவிட்டு, இதே கணக்கு வேறெங்கெல்லாம் நடக்கிறது என்று முழுதாகத் தேடாமல் மூடி வைப்பது மென்பொருள் வேலையில் இருக்கும் யாருக்கும் அந்நியமான செயல் இல்லை. தேடும் வசதியும் அன்று இன்றைப்போல் இல்லை, போரோ வாசலில் நின்றது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பேட்ரியாட் முதலில் ஏவுகணையை வீழ்த்தப் பிறந்ததே இல்லை. ஐரோப்பாவில் சோவியத் விமானங்களுக்கு எதிராக நிறுத்தப்பட வேண்டிய ஆயுதம் அது. அந்தத் திட்டத்தில் பேட்டரி ஓரிடத்தில் சில மணி நேரம் நிற்கும், எதிரி கண்டுபிடிப்பதற்குள் கிளம்பி வேறிடம் போகும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கணினி அணையும், கடிகாரம் சுழியத்துக்குத் திரும்பும். இலக்கின் வேகமும் ஒலியைப்போல் இரண்டு மடங்குதான். அந்த உலகத்தில் அந்த 24 பிட் பிழை யார் கண்ணிலும் படாது. பாலைவனத்தில் பேட்டரி ஒரே இடத்தில் நாள் கணக்கில் நின்றது. எதிரே வந்தது இரண்டு மடங்குக்கும் மேல் வேகமானது. எந்நேரமும் ஸ்கட் வரலாம் என்பதால் அணைக்கவும் யாருக்கும் மனம் வரவில்லை.

எத்தனை மணி நேரம் என்று யாரும் சொல்லவில்லை

இது யாருக்கும் தெரியாத பிழை இல்லை. இஸ்ரேலிலும் பேட்ரியாட்கள் இருந்தன. அங்கே அவற்றோடு பதிவுக் கருவிகளை இணைத்து, கணினிக்குள் நடப்பதைச் சேகரித்தார்கள். சவூதியில் இருந்த அமெரிக்கத் தளபதிகள் அந்தக் கருவிகளை வேண்டாம் என்றுவிட்டார்கள். அவற்றால் அமைப்பு எதிர்பாராமல் நின்றுபோகலாம் என்ற பயம். பயம் நியாயமானதுதான். ஆனால் அதன் பலன், பிழையைப் பார்க்கக்கூடிய கண் ஒரு நாட்டில் மட்டும் இருந்தது.

பிப்ரவரி 11 அன்று இஸ்ரேலியர்கள் அமெரிக்காவிலுள்ள பேட்ரியாட் திட்ட அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்தார்கள்: தொடர்ந்து 8 மணி நேரம் ஓடினால் சாளரம் 20 விழுக்காடு விலகுகிறது. திட்ட அலுவலகத்தினர் காரணத்தைப் பிடித்துவிட்டார்கள். பிப்ரவரி 16-இல் திருத்திய மென்பொருள் வெளியானது. ஐந்து நாளில் திருத்தம் என்பது எந்தக் காலத்திலும் மோசமான வேகம் இல்லை.

ஆனால் மற்ற பேட்டரிகளும் இப்படி 8 மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவார்கள் என்று அலுவலகத்தில் யாரும் நினைக்கவில்லை. பிப்ரவரி 21 அன்று பேட்ரியாட் பயன்படுத்துவோர் அனைவருக்கும் ஒரு செய்தி போனது. மிக நீண்ட நேரம் ஓட்டினால் சாளரம் விலகி இலக்கு தப்பக்கூடும், திருத்திய மென்பொருள் வந்துகொண்டிருக்கிறது என்பது அதன் சாரம். மிக நீண்ட நேரம் என்றால் எத்தனை மணி? செய்தியில் இல்லை.

ஆல்ஃபா பேட்டரியில் இருந்தவர்கள் நிலையில் வைத்துப் பாருங்கள். எட்டு மணியா, நாற்பதா, ஒரு வாரமா? போர் நடக்கிறது, எல்லாரும் எல்லாவற்றையும் மிக நீண்ட நேரம்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். '20 மணி நேரம்' என்று ஓர் எண் இருந்திருந்தால் காவல் மாறும் நேரத்தோடு சேர்த்துக் கணினியை ஒரு தரம் அணைத்துப் போட்டிருப்பார்கள். கடிகாரம் சுழியத்துக்கு வந்திருக்கும். அணைத்துத் திரும்ப இயக்க ஆகும் நேரம் 60 முதல் 90 நொடி.

8 மணி நேரத்துக்கு 20 விழுக்காடு என்றால் 20 மணி நேரத்துக்கு 50 விழுக்காடு, பாதிக்கு மேல் விலகினால் இலக்கு வெளியே. இந்த எண்ணைக் கண்டுபிடிக்கப் புதிய சோதனை எதுவும் தேவைப்பட்டிருக்காது. பிப்ரவரி 11 அன்று கைக்கு வந்த தகவலிலேயே அது இருந்தது, ஒரு பெருக்கல் கணக்கு தூரத்தில். ஜி.ஏ.ஓ. அறிக்கையின் மொழி அடக்கமானது, யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டவில்லை. என் கணக்கில் முதல் பொறுப்பு 24 பிட்டுக்கு இல்லை, அந்த எண் விடுபட்ட செய்திக்குத்தான். பழைய இயந்திரங்களில் பிழை இருக்கும். பிழையைத் தெரிந்துகொண்டவர்கள் அதைக் களத்தில் நிற்பவர் பயன்படுத்தக்கூடிய வடிவில் சொன்னார்களா என்பது தனிக் கேள்வி.

திருத்திய மென்பொருளைப் போர்க்களத்துக்கு விமானத்திலும் சாலையிலும் கொண்டு சேர்க்க நாளானது. தஹ்ரானுக்கு அது வந்து சேர்ந்தது பிப்ரவரி 26 அன்று.

சுட்டிருந்தால்?

கடிகாரம் சரியாக ஓடியிருந்தால் அந்த 28 பேரும் பிழைத்திருப்பார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். அவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை.

அன்றைய பேட்ரியாட் ஏவுகணை இலக்கில் நேரடியாக மோதாது. அருகே போய் வெடித்து உலோகத் துண்டுகளை வீசும். மெதுவாகப் பறக்கும் விமானத்துக்கு இது போதும். இறக்கையில் துண்டு பட்டாலே விழுந்துவிடும். ஸ்கட் ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கும் பொருள். வாலில் துண்டுகள் பட்டு உடைந்தாலும் வெடிமுனை தன் வழியில் கீழே வரும். அதோடு, ஈராக்கியர்கள் நீட்டிய அல் ஹுசைன் கட்டுமானத்தில் பலவீனமானது. வளிமண்டலத்துக்குள் திரும்ப நுழையும்போது பல நேரம் தானே உடைந்து, சுருள் சுருளாகச் சுற்றிக்கொண்டு இறங்கும். துண்டுகளுக்கு நடுவே வெடிமுனை எது என்று கண்டுபிடிப்பதே பாடு. மோசமாகச் செய்த ஏவுகணை, நன்றாகச் செய்ததைவிடப் பிடிக்கக் கடினமாகிவிட்டது.

பிப்ரவரி 15 அன்று, தஹ்ரான் சம்பவத்துக்குப் பத்து நாள் முன்பு, அதிபர் ஜார்ஜ் புஷ் பேட்ரியாட் தயாரிக்கும் ரேதியான் ஆலைக்குப் போய், 42 ஸ்கட்களில் 41 இடைமறிக்கப்பட்டன என்று தொழிலாளர்கள் முன் பேசினார். போர் முடிந்ததும் எண் இறங்கத் தொடங்கியது. 1992 ஏப்ரலில் இராணுவம் சவூதியில் 70 விழுக்காட்டுக்கு மேல், இஸ்ரேலில் 40 விழுக்காட்டுக்கு மேல் என்றது. அமெரிக்கத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான எம்.ஐ.டி.-யின் தியடோர் போஸ்டல் தொலைக்காட்சிப் படப்பதிவுகளைப் பிரேம் பிரேமாக நிறுத்திப் பார்த்து, வெற்றி அதைவிட மிகக் குறைவு என்று வாதிட்டார். வெடிமுனையே அழிந்தது என்பதற்கு வலுவான சான்று உள்ள மோதல்கள் சுமார் 9 விழுக்காடுதான் என்று ஜி.ஏ.ஓ.-வின் மற்றோர் அறிக்கை சொன்னது. 'இடைமறிப்பு' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று நாடாளுமன்றக் குழு கேட்டபோது, வானத்தில் இரண்டின் பாதைகளும் குறுக்கிட்டன என்பதுதான் பொருள் என்று இராணுவத் தரப்பு விளக்கியது. இரண்டு பஸ்கள் ஒரே முச்சந்தியைக் கடந்தால் அதுவும் பாதைகள் குறுக்கிட்டதுதான்.

பேட்ரியாட்டின் அடுத்த தலைமுறையான பேக்-3 ஏவுகணை, துண்டு வீசும் முறையை விட்டுவிட்டு இலக்கின் உடலிலேயே போய் மோதும்படி செய்யப்பட்டது. ரேடார், மென்பொருள், கணினி எல்லாமே மாறின. அடுத்து இலக்கு எங்கே இருக்கும் என்று நேரத்தை வைத்துக் கணக்கிட்டு, வானத்தின் அந்தத் துண்டை மட்டும் உற்றுப் பார்க்கும் முறை மாறவில்லை. நேரடியாக மோதும் ஏவுகணைக்கு அந்தத் துண்டு இன்னும் சிறிதாகத்தான் ஆகியிருக்கிறது.